முப்பதுக்குக் குறையாத பள்ளிக்கூடம்

போன மாதம் சுங்கைப் பட்டாணியில் தலைமையாசிரியர் ஒருவருக்குப் பணி ஓய்வு விருந்து நடந்தது. நான் ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. ஆனாலும் மறக்காமல் கூப்பிட்டு இளைய ஆசிரியர்கள் நடுவில் உட்கார வைத்தார்கள். பேச்சு மாணவர் எண்ணிக்கைப் பக்கம் திரும்பியது. தோட்டத்து ஜனங்கள் டவுனுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தோட்டப் பள்ளிகள் காலியாகின்றன. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது.

"எங்க ஸ்கூல்ல ரெண்டு மூணு பேரு வராட்டியும் வந்தாச்சுன்னு போட்டுருவோம் சார்," என்றாள் ஓர் இளம் ஆசிரியை. "வேற என்னா பண்றது? ஸ்கூல் இருக்கணும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறு வாரம் அந்தப் பெண் வீடு தேடி வந்தாள்.

"அன்னிக்கு நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா சார்?"

"நீ ஒண்ணும் தப்பா பேசலம்மா," என்றேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உட்காருவதும் எழுந்து நடப்பதுமாகப் பத்து நாள் போய்விட்டது. இன்று எப்படியும் முடித்துவிட வேண்டும்.

நான் கும்பகோணத்துப் பக்கத்து ஆள். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியபோது எனக்கு இருபத்தொரு வயது. சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் வேலை. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே கூடம், நாலு வகுப்பு, ஒரே வாத்தியார். மூன்று வருடம் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்புவதாகத் திட்டம். பெண்ணும் பார்த்து வைத்திருந்தார்கள். லீவுக்கு எழுதிப் போட்ட சமயத்தில் ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. அந்தப் பெண்ணை வேறு யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பது சண்டை முடிந்து வந்த முதல் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

தோட்டத்துத் துரை ஒரு மத்தியானம் காரேறிப் போனவர் திரும்பவில்லை. கணக்கெழுதும் கிராணி மட்டும் ஆபீசைப் பார்த்துக்கொண்டார். சில மாதம் மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் முதலில் வாத்தியார்கள் ஜப்பான் மொழி படிக்க வேண்டும். சுங்கைப் பட்டாணியில் மூன்று மாதம் எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்து எழுத்து, எண், வணக்கம், பாட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நேற்றுப் படித்ததை இன்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகத் தோட்டத்துக்குத் திரும்பினேன். பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான் என் ஜப்பான் மொழி.

எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளை மேற்பார்க்க வந்த ஜப்பான்காரர் பெயர் தகேதா. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர். தம் ஊரில் அவரும் கிராமத்துப் பள்ளி வாத்தியார்தான் என்று பயிற்சியின்போது சொல்லியிருந்தார். மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். தோளில் எப்போதும் ஒரு கான்வாஸ் பை தொங்கும். படியில் சப்பாத்தைக் கழற்றி, வெளியே பார்க்கத் திருப்பி வைப்பார். பிள்ளைகள் எழுந்து குனிந்து வணங்கும்வரை வாசலிலேயே நிற்பார். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் கை நகத்தையும் பார்ப்பார். அழுக்கு இருந்தால் திட்ட மாட்டார். அந்தக் கையைப் பிடித்து என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். அதன்பின் வருகைப் பதிவைத் திறந்து, தலைகளை எண்ணிச் சரிபார்ப்பார்.

ஒருமுறை நான் குனியும்போது இடது கை மேசைமேல் இருந்தது என்பதற்காகப் பிள்ளைகள் முன்னால் என் கன்னத்தில் அறைந்தார். அறைந்த கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து, கரும்பலகையில் நான் கோணலாக எழுதியிருந்த எழுத்தை எப்படி எழுதுவதென்று பொறுமையாக மூன்று தடவை எழுத வைத்தார். அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. அந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

கிளம்பும் முன் எப்போதும் ஒரே கேள்வி கேட்பார். "பியோக்கி?"

நோய் என்று அர்த்தம். யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கிறார். நான் குனிந்து, "இல்லை," என்பேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் சயாமில் ரயில் தண்டவாளம் போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயத்துக்கு லயம் லாரி வந்தது. ஆண்கள் போனார்கள். வெளிக்காட்டில் ரப்பர்ப் பால் வெட்டும் வேலை இல்லை. வீட்டிலிருந்த பெண்களும் பெரிய பிள்ளைகளும் மரவள்ளி நடப் போனார்கள். நாற்பதுக்கு மேல் இருந்த என் பள்ளிக்கூடம் இருபத்தைந்து, இருபத்தாறு என்று இறங்கியது. அப்போது பார்த்து ஓர் உத்தரவு. முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்தால் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்படும். மூடப்பட்ட பள்ளியின் வாத்தியார் வேறு வேலைக்கு அனுப்பப்படுவார். வேறு வேலை என்றால் எது என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. முப்பது இருந்தால் பிள்ளைகளின் மத்தியானக் கஞ்சிக்கு மூட்டையில் நொய்யரிசி வரும்.

பிள்ளைகளின் கஞ்சிக்காகத்தான் செய்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. உண்மையில் முதலில் எனக்காகத்தான் செய்தேன். சயாமுக்குப் போன எவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. நானோ ஊர் திரும்பக் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன்.

வேலைக்குப் போகும் தாய்மார் ஆயாக் கொட்டகையில் விட்டுப்போகும் சின்னஞ்சிறுசுகளில் நாலைந்தைத் தூக்கிவந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே வந்ததாகப் புள்ளி வைத்தேன். தகேதா தலைகளை எண்ணினார். முப்பத்தொன்று. சரியாக இருந்தது. "பியோக்கி?" என்றார். நோய் என்று ஒரு பிள்ளையைச் சொன்னால் அது வராத கணக்கு. இது என்னை மடக்கும் கேள்வி என்றே நினைத்திருந்தேன். "இல்லை," என்றேன்.

அப்படித் தகேதா வரவிருந்த ஒரு நாள் காலையில் அஞ்சலை வந்தாள். புருஷன் சின்னக்கண்ணுவைச் சயாமுக்குக் கொண்டுபோய் இரண்டு மாதமாகியிருந்தது. ஒரே மகள் செல்லம்மாவுக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு.

"வாத்தியாரய்யா, புள்ளைக்கு ரெண்டு நாளா குளுரு காய்ச்சல். இன்னிக்கு வராது."

"சரி, வீட்டுல வச்சுப் பாத்துக்க," என்றேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸரும் இல்லை, மருந்தும் இல்லை. மலைக்காய்ச்சலுக்கு வேப்பிலைக் கஷாயம்தான். அவள் போனதும் ஆயாக் கொட்டகைக்கு ஆளனுப்பி இன்னொரு குழந்தையைக் கொண்டுவரச் சொன்னேன். செல்லம்மா இடத்தில் அந்தக் குழந்தை உட்கார்ந்தது. தகேதா வந்தார், எண்ணினார், கேட்டார். இல்லை என்றேன். சைக்கிளில் ஏறிப் போனார்.

நாலாம் நாள் செல்லம்மா இறந்துபோனாள். லயத்துக்குப் பின்னால் புதைத்தோம். நானும் மண் தள்ளினேன்.

அவள் பெயரை அடிக்கவில்லை. அடித்தால் ஒன்று குறையும். தினமும் காலையில் பெயர் கூப்பிடும்போது அதைத் தாண்டிவிட்டு, எல்லாம் முடிந்தபின் புள்ளி வைத்துவிடுவேன். பதினைந்து நாள் இப்படிப் போயிருக்கும். பிள்ளைகள் யாரோ வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அஞ்சலை பாடம் நடக்கும்போதே வந்து வாசலில் நின்றாள்.

"எம்புள்ள பேரு இன்னும் அதுல இருக்கா?"

"இருக்கு."

"தெனமும் வந்துச்சுன்னு எழுதுறீங்களா?"

பிள்ளைகள் அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்புள்ள பேருல அரிசி வாங்கி யாருக்குப் போடுறீங்க?"

"இவங்களுக்குத்தான். அந்தப் பேர அடிச்சா பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்க அஞ்சலை. கஞ்சியும் நின்னுடும்."

அவள் பெஞ்சுகளைப் பார்த்தாள். எந்த இடம் அவள் மகளுடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அப்ப எங்கண்ணு முன்னால போடுங்க. நானே வந்து காச்சுறேன்."

மறுநாளிலிருந்து பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையில் அவள்தான் கஞ்சி காய்ச்சினாள். கஞ்சியோடு மரவள்ளியைத் துண்டாக்கிப் போடுவாள், கீரை கிடைத்தால் போடுவாள். எந்தப் பிள்ளைக்கும் கூடவோ குறையவோ ஊற்ற மாட்டாள். பிள்ளைகள் ஜப்பான் பாட்டுப் பாடுவதும் பெயருக்கு 'ஹை' சொல்வதும் அவள் காதில் விழுந்தபடியே இருந்தன.

அடுத்த முறை தகேதா வந்தபோது முறை மாறியிருந்தது. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாத்தியார் இரவல் பிள்ளைகளை உட்கார வைத்தது தெரிந்துபோய், அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி எனக்கு முந்திய நாளே வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் விடிந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சின்னஞ்சிறுசுகளை உட்கார வைத்து, ஆளுக்கொரு பெயரைச் சொல்லி, கூப்பிட்டால் 'ஹை' சொல்ல வேண்டும் என்று பழக்கினேன்.

தகேதா நகம் பார்த்தார். தலைகளை எண்ணவில்லை. என் மேசையில் உட்கார்ந்து, பதிவைத் தம் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். தமிழ்ப் பெயர்களின் பக்கத்தில் ஜப்பான் எழுத்திலும் எழுதி வைக்க எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் வாயில் பெயர்கள் வேறு மாதிரி வந்தன. ஆனாலும் பிள்ளைகள் புரிந்துகொண்டு 'ஹை' என்று எழுந்து நின்றார்கள். இரவல் பிள்ளைகளும் நின்றார்கள்.

"செராம்மா."

யாரும் எழவில்லை. அந்தப் பெயருக்குப் பழக்கி வைத்திருந்த பிள்ளை பக்கத்திலிருந்த அக்காளைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செத்துப்போன பிள்ளையின் பெயருக்கு எழுந்து நிற்க அவர்களுக்குப் பயம்.

தகேதா விரலை எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "செராம்மா."

"ஹை!"

குரல் வெளியிலிருந்து வந்தது. கஞ்சிக் கொட்டகையில் அகப்பையோடு அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டது யாரை என்று அவளுக்குத் தெரியும்; பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். அதற்காகச் சொன்னாளா, தன் பிள்ளையைக் கூப்பிட்டதும் தானாக வந்துவிட்டதா, நான் அவளிடம் கேட்டதில்லை.

தகேதா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் அது என்றார். அம்மா என்றேன். ஏன் அம்மா பதில் சொல்கிறாள் என்றார். செத்துப்போனாள் என்பதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் படித்திருக்கிறேன். அது நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தேன்.

"பியோக்கி," என்றேன்.

முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்று சொன்னது அன்றுதான். அவர் உடனே எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு, வீட்டைக் காட்டு என்பதுபோல லயத்துப் பக்கம் கையை நீட்டினார். நான் கொட்டகைக்கு ஓடினேன்.

"காய்ச்சல்னு சொல்லிட்டேன் அஞ்சலை," என்றேன். "புள்ளையப் பாக்கணுங்கிறாரு."

அவள் என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அகப்பையைச் சட்டி மேல் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்க," என்று முன்னால் நடந்தாள்.

தன் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள். அந்த வீட்டுக்காரி மரவள்ளிக் கொல்லைக்குப் போயிருந்தாள். தரையில் விரித்த சாக்கில் அவள் மகள் ராசாத்தி முடங்கிக் கிடந்தாள். ஐந்து வயது, பள்ளிக்கூடத்தில் பெயரே இல்லாத பிள்ளை. பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலை அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "இதான் செல்லம்மா," என்றாள்.

தகேதா தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். நெற்றியில் கை வைத்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தார். அதில் என்ன இருக்கிறதென்று இத்தனை மாதமும் நான் பார்த்ததில்லை. காகிதம், பென்சில், ஒரு துண்டு. துண்டுக்குள் சுற்றி ஒரு கண்ணாடிப் புட்டி. அதில் மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை.

காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஒன்றைத் தண்ணீரில் கரைத்து அவரே பிள்ளையின் வாயில் ஊற்றினார். கசப்பில் அது துப்பப் பார்த்தது. மோவாயைப் பிடித்து விழுங்க வைத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அஞ்சலைக்குக் கைச் சாடையில் காட்டினார். அவள் தலையாட்டினாள். அவள் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை.

பதிவில் செல்லம்மாவுக்கு ஒன்பது வயது என்று இருந்ததை அவர் பார்த்திருப்பார். அந்தப் பிள்ளை ஐந்து வயதுக்குக்கூடச் சின்னதாக இருந்தது. அவருக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டாரா, அதைப் பற்றி யோசித்து யோசித்து ஓய்ந்துவிட்டேன். பதிவில் அந்தப் பெயருக்கு நேரே நோய் என்று தம் கையால் எழுதினார். சைக்கிளில் ஏறும் முன் என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது மூன்று சொற்கள்தான். அடுத்த முறை. சீக்கிரம். சொல்.

சைக்கிள் மறையும்வரை குனிந்தபடி நின்றேன். நிமிர்ந்தபோது அஞ்சலை எதிரில் நின்றாள்.

"போன தடவையும் இந்தப் பையோடதான் வந்தாரா?"

"ஆமா."

"அதுலயும் மாத்திரை இருந்துச்சா?"

"இருந்திருக்கும். எனக்குத் தெரியாது அஞ்சலை. சத்தியமாத் தெரியாது."

"அவரு கேக்கலையா? யாருக்காச்சும் சீக்கான்னு?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாமலில்லை. அன்று காலை முழுவதும் அதைத்தானே செய்திருந்தேன். ஆனால் அவளிடம் வரவில்லை.

"கேட்டாரு," என்றேன். "இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் கத்துவாள், என் மேல் மண்ணை வாரிப் போடுவாள் என்று நின்றேன். அவள் திரும்பிக் கொட்டகைக்குப் போனாள். கஞ்சி அடிப்பிடித்திருந்தது. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஊற்றினாள்.

ராசாத்தி பிழைத்துக்கொண்டாள். அஞ்சலை ஒருநாள் தவறாமல் வந்து கஞ்சி காய்ச்சினாள். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு தகேதா வரும்போதெல்லாம் உண்மையைச் சொன்னேன். யார் யாருக்குக் காய்ச்சல் என்று வீட்டைக் காட்டினேன். எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே போயிற்று. அவர் பள்ளிக்கூடத்தை மூடவில்லை. நோய் என்று எழுதிய பெயர்களை அவர் வந்த கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். அந்த வழி ஆரம்பத்திலிருந்தே திறந்துதான் இருந்ததா, எனக்குத் தெரியாது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு ஜப்பான்காரர்கள் எங்கள் கெடா மாநிலத்தைச் சயாம்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். தகேதா எங்கே போனார் என்று தெரியவில்லை.

சண்டை முடிந்து சில மாதம் கழித்துச் சின்னக்கண்ணு திரும்பி வந்தான். போன லாரியில் இருந்தவர்களில் வந்தவர்கள் மிகக் குறைவு. காலில் ஆறாத புண்; எலும்பும் தோலுமாக இருந்தான். வந்த மறுநாளே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, இரண்டு கையையும் கூப்பினான்.

"எம்பொண்ண கடைசிவரைக்கும் நீங்கதான் நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு வீட்டுல சொல்லிச்சு வாத்தியாரய்யா."

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னக்கண்ணு, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வாங்க போலாம்," என்றாள் அவள் புருஷனிடம். "அவருக்குப் பாடம் இருக்கு."

அந்த வருடமே அவர்கள் குருணுக்குக் குடிபோனார்கள். நான் ஊருக்குப் போனேன். கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தேன். வேறு வேறு பள்ளிகளில் வேலை பார்த்தேன். எங்கே இருந்தாலும் பெயர் கூப்பிடும் நேரத்தில் ஒரு இடத்தில் நாக்கு நின்றுவிடும். சின்னக்கண்ணுவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை குருணுக்கு பஸ் ஏறப் போய், பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கே பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள்.

அஞ்சலைதான் கதவைத் திறந்தாள். பல வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"சொல்லணும்னு வந்தீங்களா?"

"ஆமா."

"அவருகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்களுக்காக இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சயாமுல பட்டதே அந்த மனுசனுக்கு இன்னும் தீரல. தூக்கத்துல கத்துறாரு. நீங்க சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிருவீங்க. நான்ல அவரோட இருக்கணும்."

நான் திரும்பிக் கிளம்பப் பார்த்தேன். "உக்காருங்க," என்றாள். "கோப்பி குடிச்சிட்டுப் போங்க. பாத்துட்டாரு."

சின்னக்கண்ணு கொல்லையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தான். என்னைக் கண்டதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம். மழையைப் பற்றி, வேலையைப் பற்றி, என் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இப்போது அவர்கள் இருவரும் இல்லை. இல்லாததால்தான் எழுதுகிறேன்.

கிளம்பும்போது வேண்டாமென்றாலும் கேட்காமல் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தான். அங்கே நின்றுகொண்டு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்தவன் போலத் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"வாத்தியாரய்யா, நான் போனப்ப அது ரெண்டாம் வகுப்பு முடிச்சிருந்துச்சு. அப்பறம் எப்பிடிப் படிச்சுச்சு? வீட்டுல கேட்டா அழுவுது. அதான் கேக்குறதில்ல."

அவள் கணக்கில் மோசம் என்றேன். ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழுவாள் என்றேன். எழுத்து பெரிது பெரிதாக, சிலேட்டில் நாலு வரிக்கு மேல் கொள்ளாது. வகுப்பில் யாராவது அழுதால் தன் இடத்தை விட்டு எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்; அதற்காக அவளை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். பாட்டென்றால் எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்துவிடுவாள். மழை பெய்தால் ஜன்னலோரம் மாறி உட்காருவாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது, வரவரச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.

பஸ் வந்து நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஏறவில்லை.